மேசையைத் திருப்பிப் போட்டேன்

மெய்ப்புத் திருத்துவது என் வேலை. வீட்டிலேயே, ஒரு சின்ன அறையில். மதியம் மூன்று மணியைத் தாண்டினால் ஒரே வரியை மூன்று தடவை படித்தாலும் பிழை கண்ணில் படாது. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். தூக்கத்தைக் கூட்டிப் பார்த்தேன். அறையைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை.

மேசைக்கு நேர் எதிரே திறந்த அலமாரி. பழைய தாள்கட்டுகள், சிக்கலாகிக் கிடக்கும் சார்ஜர் வயர்கள், கட்ட வேண்டிய பில்கள், எரியாத ஒரு விளக்கு. தலை நிமிர்ந்தால் அதுதான். ஜன்னல் முதுகுக்குப் பின்னால்.

கண்முன் பல பொருள்கள் கிடந்தால், மூளையின் பார்வைப் பகுதியில் அவை ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. ஒன்றை மட்டும் பார்க்க, மற்றவற்றை மூளை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் படித்ததும் அலமாரியை நிமிர்ந்து பார்த்தேன். பிழையைத் தேட வேண்டிய தெம்பில் பாதியை அது தின்றுகொண்டிருந்ததாகத் தோன்றியது.

ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியலாளர் தம்பதி 1989-இல் விளக்கியது இன்னும் நெருக்கமாக இருந்தது. முயன்று செலுத்தும் கவனம் களைத்துப்போகும். அது மீள, முயற்சியே கேட்காமல் மனத்தை மெல்லப் பிடித்துவைக்கும் ஏதாவது வேண்டும். அசையும் இலை, நகரும் மேகம் மாதிரி. மொபைலும் பிடித்துத்தான் வைக்கிறது, ஆனால் பத்து நிமிடம் பார்த்தபின் நான் முன்னைவிடக் களைத்துத்தான் வருகிறேன்.

சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையைத் திருப்பினேன். கணினித் திரையில் வெளிச்சம் அடிக்காதபடி ஜன்னலுக்குப் பக்கவாட்டில். அலமாரிக்கு ஒரு திரைத்துணி. சுவருக்குப் புதுப் பெயின்ட் அடிக்கவில்லை. இந்த நிறம் அமைதி தரும், அந்த நிறம் ஊக்கம் தரும் என்கிற பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஜன்னலில் தெரிவது பக்கத்துச் சுவரும் பாதி மரமும்தான். இது போதுமா என்று தயங்கியபோது ரோஜர் உல்ரிக் 1984-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

மூன்று மணிக்கு இப்போதும் களைப்பு வருகிறது. அப்போது பேனாவை வைத்துவிட்டு அந்தப் பாதி மரத்தைப் பார்க்கிறேன், இரண்டு மூன்று நிமிடம். அப்புறம் தாளுக்குத் திரும்புகிறேன். நேற்று நாலரை மணிக்கு, விட்டுப்போன ஒரு ஒற்றெழுத்தை முதல் வாசிப்பிலேயே பிடித்தேன்.