மாமி கூட மௌன ராகம்

ஜூன் 18
தக்கலையில விடாம மழை, கறண்ட் வரதும் போறதுமா இருக்கு. "பழைய படம் வல்லதும் போடு மக்களே"ன்னாங்க மாமி. மௌன ராகம் போட்டேன். 1986 படம், மாமிக்க கெட்டும் அந்த வருசம்தானாம், ஆனா படத்த பாத்ததே இல்லயாம். உனக்கு என்ன வேணும்னு புருசன் மோகன் ஆசையா கேக்காரு, திவ்யாவா வர்ற ரேவதி விவாகரத்து வேணும்னு சொல்லுது, மாமி ஒண்ணும் மிண்டாம மரச்சீனி தோல உரிச்சிட்டே இருந்தாங்க. அதுக்குள்ள கறண்ட் போயிட்டு.

ஜூன் 19
கறண்ட் இல்ல. படத்துல வக்கீல் சொன்னதுதான் மண்டையில ஓடுது. கல்யாணம் ஆகி ஒரு வருசம் முடியாம மனு போட முடியாதுன்னு சொல்லுவாருல்லா, படமே அந்த ஒரு வருசத்துல தான் நிக்குது. கதைக்காக வச்சது இல்ல, இந்து திருமணச் சட்டத்துல நெசமாவே இருக்கு, 1976க்கு முன்ன மூணு வருசமா இருந்துச்சு. ஆனா எங்கள மாதிரி சர்ச்சுல கெட்டுனவங்களுக்கு ரெண்டு பேரும் சம்மதிச்சு பிரியுற வழியே 2001ல தான் சட்டத்துல வந்துச்சு. திவ்யா மார்த்தாண்டத்துல பிறந்து சர்ச்சுல கெட்டியிருந்தா மணிரத்னம் வேற கதைதான் யோசிச்சிருக்கணும்.

ஜூன் 21
மிச்சத்தயும் பாத்தாச்சு. மோகனுக்க குரல் என்ன பதம்னு மாமி ஒரே புகழ்ச்சி, அது எஸ்.என்.சுரேந்தர் குரல்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க.

எனக்கு ஒரு கொறை உண்டு. மனசு ரெண்டு பக்கம் கெடக்குற கதைய எடுத்துட்டு, பழைய காதலன் கார்த்திக்க போலீஸ் குண்டுக்கு குடுத்துட்டா முடிவு லேசாயிரும்லா? 1981லயே அந்த 7 நாட்கள் படத்துல பழைய காதலன் பாக்யராஜ் உசிரோட முன்னால நிக்காரு, புருசனே கூட்டிட்டு போன்னு சொல்லுதாரு, அதுல்லா தைரியம். கடைசியில தாலிய காட்டி முடிச்சிட்டாங்க, அது வேற எரிச்சல், அம்பிகாவுக்கு என்ன வேணும்னு ரெண்டு ஆம்பளைங்களும் ஒழுங்கா கேக்கல.

மாமிட்ட சொன்னேன். "உசிரோட இருக்கவனுக்கு தொந்தி விழும், முடி கொட்டும், கடன் வாங்குவான். செத்தவன் அப்பிடியேல்லா இருப்பான் மக்களே, மோகன் பாடுதான் கஷ்டம்"னாங்க. பதில் வரல எனக்கு. உங்களுக்கும் அப்பிடி யாராவதுன்னு கேக்க வாய் வந்துச்சு, மாமா பக்கத்து ரூம்ல, கேக்கல.

ஜூன் 22
அபுதாபில இருந்து எங்க வீட்டுக்காரங்க போன். ரெண்டு பேரும் டைவர்ஸ் படம் பாத்தோம்னு மாமி நேரா போட்டு உடைச்சிட்டாங்க, இவங்க என்ட்ட "எதுக்கு?"ங்காங்க. இப்ப மாமிக்கு பாக்யராஜ் படமும் பாக்கணுமாம். அதுல அவரு பாலக்காட்டு மாதவனா பேசுற தமிழுக்கு ஊரே சிரிச்சிச்சு, எங்க மாமா பேசுறது அதவிட மலையாளம், அவர வச்சுட்டு எப்பிடி சிரிக்க?