இரண்டாவது ஃப்ரிட்ஜ்

நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊர் நூலகத்தில் ஆறு வருஷமாகப் பகுதி நேர வேலை பார்க்கிறேன். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவது, பிரின்டரில் சிக்கிய தாளை உருவுவது, வைஃபை பாஸ்வேர்டு கேட்பவருக்குச் சுவரில் ஒட்டியிருப்பதைக் காட்டுவது, இவ்வளவுதான். வாசகர் வட்டத்தை நடத்தி வந்தவர் ஓய்வு பெற்றபோது, அடுத்து யார் என்று பேசிய மீட்டிங் அன்று நான் லீவு. அப்புறம் சொல்ல வேண்டுமா, அதுவும் என் தலையில் விழுந்தது.

வட்டத்தில் பதிமூன்று பேர். முக்கால்வாசிப் பேர் யூதர்கள், எழுபதைத் தாண்டியவர்கள். இந்த மாநிலத்தின் பெரிய நகரமான நியூவர்க்கில் பிறந்து, அங்கிருந்து லிவிங்ஸ்டன், மேப்பிள்வுட், வெஸ்ட் ஆரஞ்சு என்று புறநகருக்கு நகர்ந்த குடும்பங்கள். என் முதல் தேர்வு அமெரிக்க யூத எழுத்தாளர் ஃபிலிப் ராத்தின் 'குட்பை, கொலம்பஸ்'. பெரிய இலக்கியக் காரணம் ஒன்றும் இல்லை. அது சின்னப் புத்தகம். முந்தைய மாதத்துத் தடித்த நாவலை முடித்தவர்கள் மூன்றே பேர்.

1959இல் அது வெளிவந்தபோது ராத்துக்கு 26 வயது. அடுத்த வருஷமே நேஷனல் புக் அவார்டு கிடைத்தது. யூதர்களை ஊர் சிரிக்க வைத்துவிட்டான் என்று யூத மதகுருக்களான ரபைகளின் திட்டும் கிடைத்தது. கதாநாயகன் நீல் நியூவர்க் பொது நூலகத்தில் என்னைப் போலவே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். ஷார்ட் ஹில்ஸ் என்ற வசதியான புறநகரில் இருக்கும் பிரெண்டா பட்டிம்கின் மேல் ஒரு கோடையில் காதல் கொள்கிறான். அந்தப் புறநகர் நியூவர்க்கைவிட 180 அடி உயரம். அவ்வளவு தூரம் சொர்க்கத்தை நெருங்கிவிட்டதாக அவனுக்குத் தோன்றுகிறது.

முதல் கூட்டத்துக்கு முந்தின நாள் இரவு முழுக்க நான் யூதர்களின் சாப்பாட்டு ஆசாரமான கோஷர் விதிகளைப் படித்தேன். இறைச்சியும் பாலும் சேரக்கூடாது, டப்பாவில் வட்டத்துக்குள் 'யூ' முத்திரை இருக்க வேண்டும், 'பரேவ்' என்றால் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை. முத்திரை பார்த்துப் பார்த்து பிஸ்கட் வாங்கினேன். ஒருவர்கூட டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. 'காபி இதைவிட நல்லதாகக் கிடைக்காதா?' என்று மட்டும் கேட்டார்கள். 'பரேவ்' என்று போட்டிருந்தாலும் முட்டை இருக்கலாம் என்பது எனக்குப் பாதி பிஸ்கட் வாயில் இருக்கும்போதுதான் உறைத்தது. அன்று அந்த அறையில் சாப்பாட்டு ஆசாரம் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

அடுத்த குளறுபடி பக்க எண். பிரதிகளைப் பத்துப் பன்னிரண்டு ஊர் நூலகங்களிலிருந்து இரவல் வரவழைத்திருந்தேன். எல்லாம் வெவ்வேறு பதிப்பு. 'நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் பாருங்கள்' என்று ஒருவர் சொன்னால், 'என்னுடையதில் அங்கே கல்யாணமே நடந்துகொண்டிருக்கிறது' என்றார் இன்னொருவர்.

நீல் தன் கிளாடிஸ் ஆன்ட்டி வீட்டில் தங்கியிருக்கிறான். அந்த வீட்டில் ஐந்து மணியிலிருந்து அரை மணிக்கு ஒருவராக நாலு பேரும் தனித்தனியாகச் சாப்பிடுவார்கள், ஆளுக்கொரு சமையல். அந்த இடத்தைச் சத்தமாகப் படித்தேன். வட்டத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் உண்டு: 88 வயதுப் பாட்டி, அவர் மகள், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி. மகளுக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. பேத்தி, 'இந்தக் கிளாடிஸுக்கு ஏதாவது சிகிச்சை கொடுத்தார்களா?' என்றாள். பாட்டி சிரிக்கவே இல்லை.

'எங்க அம்மாவும் இப்படித்தான். அப்பாவுக்கு உப்பு ஆகாது, தாத்தாவுக்குப் பல் கிடையாது, தம்பி கோழி தவிர எதையும் தொடமாட்டான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?'

மகள் சிரிப்பை அடக்கப் பார்த்து இன்னும் சத்தமாகச் சிரித்தார். பேத்திக்கு முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது, அதுவும் அம்மாவைப் பார்த்து.

பிரெண்டா யூத ஜாடை தெரியும் மூக்கை ஆபரேஷன் செய்துகொண்டதைப் பற்றி நீல் குத்தலாகக் கேட்கும் இடம் வந்ததும் அறை அமைதியானது. பேத்திதான் பொரிந்தாள், இதெல்லாம் ஒரு சமூகம் தன்னைத் தானே வெறுப்பது என்று. பாட்டியின் கை மெல்ல மேலே போய் மூக்குத் தண்டைத் தொட்டுவிட்டு மடிக்கு வந்தது. நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதுவரை அவரை என் மனதில் கிளாடிஸ் ஆன்ட்டியாகவே வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், 1959இல் அவருக்கு இருபத்துச் சொச்சம். அவர் பிரெண்டாவின் செட்.

பட்டிம்கின் வீட்டு நிலவறையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் உண்டு. நியூவர்க்கில் இருந்த காலத்தது. அதைத் திறந்தால் பிளம்ஸ், பீச், செர்ரி, திராட்சை என்று வழிய வழியப் பழம். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கை கழுவும் தொட்டிகள் விற்றுப் பணக்காரரான அப்பா பழைய வாழ்க்கையைத் தூக்கிப் போடவில்லை, நிலவறைக்கு இறக்கிவிட்டு அதில் புதிய வாழ்க்கையை நிரப்பியிருக்கிறார். 'இங்கே யார் வீட்டிலெல்லாம் இரண்டாவது ஃப்ரிட்ஜ் இருக்கிறது?' என்று சும்மா கேட்டேன். பதினொரு கை உயர்ந்தது. கராஜில் இருக்கும் என் ஃப்ரிட்ஜையும், அதில் பொங்கிக்கொண்டிருக்கும் இட்லி மாவையும் நினைத்து நானும் கையைத் தூக்கினேன்.

அந்த அப்பா பேசும் இன்னோர் இடமும் உண்டு. வியாபாரத்துக்குக் கொஞ்சம் 'கானிஃப்' குணம் வேண்டும் என்கிறார். யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷில் திருடன் என்று அர்த்தம். நீலுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கிறது. என் பிள்ளைகளுக்கு இதுகூடத் தெரியாது என்று அலுத்துக்கொள்கிறார். பேத்தியிடம் கேட்டேன், தெரியுமா என்று. தெரியாதாம். அவள் அம்மாவுக்கு அரைகுறை. என் மகனுக்குத் தமிழில் வசவு மட்டும் ஒன்றுவிடாமல் தெரியும் என்று சொன்னேன். அதற்கு மூன்று தலைமுறையும் சேர்ந்து சிரித்தது.

ஏன் நியூவர்க்கை விட்டு வந்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் 1967 என்பார்கள். நியூவர்க்கில் 26 பேர் இறந்த இனக் கலவரம் அது. ஆனால் நாவல் அதற்கு எட்டு வருஷம் முந்தையது, பட்டிம்கின்கள் அதற்குள்ளேயே மேலே ஏறிவிட்டார்கள். இதைச் சொன்னேன். எதிரில் ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'நாங்கள் 55லேயே வந்துவிட்டோம். போருக்குப் போய்வந்த அப்பாவுக்கு வீட்டுக்கடன் சுலபமாகக் கிடைத்தது. யாரும் எங்களைத் துரத்தவில்லை. 67 என்று சொன்னால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.' யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்புறம் பேச்சு 1969இல் வந்த படத்துக்குத் தாவியது. அதில் கதையை நியூயார்க் பக்கம், பிராங்க்ஸுக்கும் வெஸ்ட்செஸ்டருக்கும் மாற்றிவிட்டார்கள். 'எங்களைக் கிண்டல் செய்த கதையைக்கூட நியூயார்க்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான்' என்று ஒருவருக்கு இன்னும் ஆறவில்லை.

வேலை பார்க்கிறவளாக எனக்கு உறுத்தியது வேறொன்று. நாவலில் நீலின் நூலகத்துக்கு ஒரு கறுப்பினச் சிறுவன் தினமும் வந்து கோகானின் ஓவியப் புத்தகத்தைப் பார்ப்பான். ஒரு கிழவர் அதை இரவல் கேட்கிறார். வேறொருவர் ஹோல்ட் போட்டிருக்கிறார், அதாவது முன்பதிவு செய்திருக்கிறார் என்று நீல் பொய் சொல்லித் திருப்பி அனுப்புகிறான். வட்டத்தில் எல்லோரும் நீலின் பக்கம். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. ஹோல்ட் வரிசைதான் எங்கள் மேசையின் மானம். மேயரே வந்தாலும் பன்னிரண்டாவது ஆள் பன்னிரண்டாவது ஆள்தான்.

'அந்தக் கிழவரும் கார்டு வைத்திருப்பவர்தானே?' என்றேன்.

'இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லையா?' என்று பாட்டி கேட்டார்.

சொல்லியிருக்கிறேன். எங்கள் கணினிகளில் ஆளுக்கு ஒரு மணி நேரம்தான். வேலைக்கு விண்ணப்பம் நிரப்ப வாரா வாரம் ஒருவர் வருவார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஐம்பத்தெட்டாவது நிமிஷத்தில்தான் கடைசிப் பக்கத்துக்கு வருவார். காத்திருப்பவரிடம், 'அந்த மெஷினில் ஏதோ அப்டேட் ஓடுகிறது' என்பேன். அவருக்கு வேலை கிடைத்ததா என்று தெரியாது. ஒரு மாதம் வந்தார், அப்புறம் காணவில்லை. நாவலிலும் அந்தச் சிறுவன் அப்படித்தான் காணாமல் போகிறான். நீல் லீவில் போயிருந்த நேரத்தில் புத்தகத்தை இரவல் கொடுத்துவிடுகிறார்கள்.

கூட்டம் முடிந்து இரண்டு வாரத்தில் பிரதிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பாட்டியின் பிரதியில், ஃப்ரிட்ஜ் வரும் இடத்தில், இரண்டு பக்கத்தை ஒட்டவைத்த சிவப்புக் கறை. முகர்ந்து பார்த்தேன், பிளம்ஸ்தான். வேறு ஊர் நூலகத்தின் சொத்து, சேதம் என்று பதிந்தால் விலையை அவர் கார்டில் ஏற்ற வேண்டும். கறையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. பணம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டார். அப்புறம், 'பழமும் நன்றாக இல்லை, புளிப்பு' என்றார்.

பக்கங்களை ஸ்கேல் விட்டு மெல்லப் பிரித்தேன். எழுத்து ஒன்றும் போகவில்லை. திரையில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் 'வந்தபோதே கறை இருந்தது' என்று அடித்து, புத்தகத்தை டெலிவரிப் பெட்டியில் போட்டேன்.