பகலில் குறைத்து, இரவில் திறக்கும் அணை

நீர்மின் நிலையம் மீன்களைக் காக்க என்ன செய்கிறது என்று கேட்டால் உடனே மீன் ஏணியின் படத்தைக் காட்டுவார்கள். நீர் படிப்படியாக இறங்கும், சால்மன் துள்ளி ஏறும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றின் பிரீஸ்ட் ராப்பிட்ஸ் அணைக்குக் கீழே முட்டையிடும் சினூக் சால்மனுக்கு அந்த அணையின் ஏணியால் பயன் இல்லை. அதை அவை தாண்டிப் போவதே கிடையாது. எந்த மணிக்கு எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்பதுதான் அவற்றின் தலையெழுத்து.

அணைக்குக் கீழே சுமார் 82 கிலோமீட்டர் ஆறு தடையில்லாமல் ஓடுகிறது. ஹான்ஃபோர்டு ரீச் என்று பெயர். 1943-ல் அணுகுண்டுக்கான புளுட்டோனியம் தயாரிக்க இந்தக் கரையைக் கையகப்படுத்தி வேலி போட்டார்கள். பிறகு இதே பகுதியில் பென் ஃபிராங்க்ளின் என்ற அணையைக் கட்டும் திட்டம் எழுந்து கைவிடப்பட்டது. அணுக்கழிவுக்குப் பேர்போன இடம்தான் கொலம்பியாவில் இலையுதிர்கால சினூக்கின் மிகப் பெரிய முட்டையிடும் களமாகவும் மிஞ்சியிருக்கிறது. 2000-ல் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள்.

மேட்டூர் நிலவரம் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடி திறந்தால் கரையோரம் தண்டோரா போடுவார்கள். கொலம்பியாவில் அது சாதாரண வசந்தகால ஓட்டம். கீழே வரும் எண்கள் எல்லாம் விநாடிக்கு இத்தனை கனஅடி என்ற கணக்கில்.

மின்சாரத் தேவை பகலில் ஏறும், நள்ளிரவில் இறங்கும். நிலையமும் அதன்படியே பகலில் நிறைய நீரை டர்பைன் வழியே விட்டு, இரவில் குறைக்கும். லாபமான ஓட்டம் அதுதான். சினூக் முட்டையிடுவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை, பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில். பெண் மீன் வாலால் கூழாங்கல்லைத் தள்ளிக் குழி பறித்து, ஒரு சாணுக்கும் கூடுதலான ஆழத்தில் முட்டையைப் புதைக்கிறது. பகலில் ஆறு நிறைந்து ஓடினால் கரையோர மேட்டில் குழி பறிக்கும். இரவில் நீர் வடிந்ததும் அந்தக் குழி வெளியே நிற்கும். ஒரு இரவோடு போகிற தொல்லையும் இல்லை இது. கடைசிக் குஞ்சு கல்லை விட்டு வெளியேற மே மாதம் ஆகும். அதுவரை அந்த மேட்டுக்குத் தண்ணீர் காட்டியாக வேண்டும்.

ஆகவே முட்டையிடும் பருவத்தில் வழக்கத்தைத் தலைகீழாக்குகிறார்கள். பகலில் ஓட்டத்தை 55,000 முதல் 70,000 கனஅடிக்குள் பிடித்து வைத்து, மீதியை இரவில் விடுகிறார்கள். மீன் தாழ்வான இடத்திலேயே குழி பறிக்கும். இரவில் நீர் உயர்ந்தாலும் இருட்டில் அது மேட்டுக்குப் போய்ப் பறிப்பது அரிது. பகல் ஓட்டத்தை இன்னும் தாழ்த்தினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அப்படியில்லை. நனைந்த பரப்பு சுருங்கினால் பின்னால் வரும் பெண் மீன்கள் முன்னால் வந்தவற்றின் குழியையே மறுபடி கிளறி முட்டையை வெளியே எறிந்துவிடும்.

இதற்கு விலை உண்டு. பகலில் கூடுதல் விலைக்குப் போகும் மின்சாரம் இரவு விலைக்குப் போகிறது. பகலில் மேலிருந்து வரும் நீரைப் பிடித்துவைக்கவும் இடம் வேண்டும். பிரீஸ்ட் ராப்பிட்ஸும் அதற்கு மேலே உள்ள வானபமும் கிராண்ட் கவுன்டியின் பொது மின்வாரியத்துக்குச் சொந்தம். இரண்டின் நீர்த்தேக்கமும் ஆற்றின் அளவுக்குச் சிறியவை. மேலே இன்னும் ஐந்து அணைகள்: கிராண்ட் கூலி, சீஃப் ஜோசப், வெல்ஸ், ராக்கி ரீச், ராக் ஐலண்டு. ஏழும் மணிக்கு மணி ஒத்து ஓடினால்தான் கீழே பகல் ஓட்டம் கட்டுக்குள் நிற்கும். 1988-ல் வெர்னிட்டா பார் ஒப்பந்தமும், 2004-ல் அதை விரிவாக்கிய ஹான்ஃபோர்டு ரீச் ஒப்பந்தமும் பல மின்வாரியங்களைக் கட்டுப்படுத்துவது இதனால்தான். தனி அணை ஒன்றுக்கு மட்டும் நிபந்தனை எழுதியிருந்தால் காகிதத்தோடு நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

வெர்னிட்டா பார் என்பது அணைக்குச் சில கிலோமீட்டர் கீழே இருக்கும் கூழாங்கல் திட்டு. ஓட்டம் ஏறி இறங்குவதை இந்தத் திட்டுதான் முதலில், முழு வீச்சில் வாங்குகிறது. இங்கே குழி பிழைத்தால் கீழேயும் பெரும்பாலும் பிழைக்கும். பருவத்தில் வார இறுதிக் காலையில் ஓட்டத்தைத் தாழ்த்தி, உயிரியலாளர்கள் திட்டில் நடந்தே குழிகளை எண்ணுகிறார்கள். புதிதாய்ப் பறித்த குழியில் கல் பளிச்சென்று வெளுத்திருக்கும். பாசி படிந்த பழைய கல்லிலிருந்து எளிதாகப் பிரித்தறியலாம். நவம்பர் பின்பாதியில் கடைசி எண்ணிக்கை முடிந்ததும், குழிகள் எந்த உயரம் வரை ஏறியிருக்கின்றன என்று பார்த்து, அவை நனைந்தே இருக்கத் தேவையான குறைந்தபட்ச ஓட்ட வரம்பைக் குறிக்கிறார்கள். ஒன்றிரண்டு குழி மேலே இருக்கிறது என்பதற்காக வரம்பை ஏற்றுவதில்லை. எத்தனை குழி இருந்தாலும் 70,000-க்கு மேலும் போவதில்லை. குளிர்காலம் முழுக்க நிலையம் இந்த வரம்பைச் சுமந்தாக வேண்டும்.

நாட்காட்டியை வைத்து இதை ஓட்ட முடியாது, தண்ணீரின் சூட்டை வைத்துத்தான் ஓட்ட முடியும். ஒவ்வொரு நாளின் சராசரி நீர் வெப்பத்தையும் செல்சியஸில் கூட்டிக்கொண்டே போவார்கள். 10 டிகிரியில் 10 நாள் என்றால் 100 அலகு. முட்டையிட்டதிலிருந்து சுமார் 500 அலகில் பொரிப்பு, 1,000 அலகில் கல்லை விட்டு வெளியேற்றம். அக்டோபரில் இட்ட முட்டை வெதுவெதுப்பான நீரில் வேகமாக முந்தும். நவம்பர் கடைசியில் இட்டது ஜனவரி, பிப்ரவரிக் குளிரில் சிக்கி மாதக்கணக்கில் ஊர்ந்து போகும்.

நிலையம் எவ்வளவு இறங்கலாம் என்பதும் இந்தக் கணக்கோடு மாறுகிறது. பொரியாத முட்டை, ஈரக் கல்லுக்குள் இருந்தால் சில மணி நேரம் நீர் இல்லாமலும் தாங்கும்; சவ்வு வழியே மூச்சு வாங்கிக்கொள்ளும். அதனால் பொரிப்புக்கு முன் ஓட்டத்தைச் சிறிது நேரம் வரம்புக்குக் கீழே இறக்க அனுமதி உண்டு, அடிமட்டமான 36,000 கனஅடிக்குக் குறையாமல். பொரித்த பின் செவுள் வந்துவிடும், நீர் வற்றினால் செத்துப்போகும். அப்போது கல்லிடுக்கில் நீர்மட்டம், அந்த வரம்பின் மட்டத்தைவிட 15 செ.மீ.க்கு மேல் தாழக் கூடாது. வெளியேறத் தொடங்கியதும் அந்தச் சலுகையும் போய், வரம்பிலேயே நிற்க வேண்டும். நீர் வந்த அளவைச் சரிபார்க்க அணைக்குக் கீழே அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் 12472800 என்ற எண்ணுள்ள அளவுமானி இருக்கிறது. அதன் பதிவு எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது.

எங்கே கெடும்? இலையுதிர்காலத்தில் மழையோ மேலணையின் வெளியேற்றமோ மிகுந்து பகல் ஓட்டத்தைப் பிடிக்க முடியாமல் போனால் குழிகள் மேலே ஏறும். அந்த ஆண்டு குளிர்காலம் வறண்டால், ஏற்றிய வரம்பைக் காக்க மேலே தேக்கியதைக் கரைக்க வேண்டும். கோடைக்கு நீர் குறையும். இன்னொன்று, டர்பைன் தானாக நின்றுவிடுவது. அதன் வழியே போன நீர் நொடிகளில் நின்றுபோகும். உடனே வேறு எந்திரத்தையோ உபரிநீர் ஷட்டரையோ திறந்து ஈடுகட்ட வேண்டும். எந்த ஷட்டர், எத்தனை அடி என்பது முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். அலாரம் அடித்த பிறகு யோசிக்க நேரமிருக்காது.

கட்டுமானங்களை ஒதுக்கிவிட முடியாது. மேலே போகும் மீன்களுக்கு ஏணியும், கடலுக்கு இறங்கும் குஞ்சுகளுக்கு வானபத்தில் 2008-ல் வந்த தனி வழியும் வேண்டியவைதான். ஆனால் அவையும் ஒரு நீர்மட்டத்தை நம்பிக் கட்டப்பட்டவை. 2014 பிப்ரவரியில் வானபம் உபரிநீர்ப் போக்கியின் தூணில் 65 அடி நீள விரிசல் தெரிந்ததும் நீர்த்தேக்கத்தைச் சுமார் 26 அடி இறக்கினார்கள். ஏணியின் மேல்வாய் வறண்டு அந்தரத்தில் நின்றது. அவசர அவசரமாகச் சரிவுப் பாதை ஒன்றை அங்கே பொருத்தி, மீனை நீர்த்தேக்கத்துக்குள் இறக்கிவிட வேண்டியதாயிற்று.

குழியைக் காப்பாற்றியதோடு பாடு தீர்வதில்லை. வெளியே வந்த குஞ்சு 4 செ.மீ. நீளம்கூட இருக்காது. வேகமான நீரில் நிற்க முடியாமல் கரையோர ஆழமற்ற நீரிலேயே திரியும். ஓட்டம் திடீரென இறங்கினால் கல்மேல் சிக்கிக் காயும், அல்லது துண்டிக்கப்பட்ட குட்டையில் அடைபடும். குட்டை மெல்ல வடியும், வெயிலில் சூடேறும், நாரையும் கடற்பறவையும் வந்துவிடும். தட்டையான கரையில் சில அங்குலம் இறங்கினாலே ஏக்கர் கணக்கில் தரை வெளிப்படும்.

வசந்தகாலத்தில் இதனால்தான் ஏற்ற இறக்கத்துக்கே வரம்பு. நாள் ஓட்டம் 36,000 முதல் 80,000 வரை இருந்தால் ஒரு நாளில் 20,000 கனஅடிக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. 1,10,000 வரை 30,000, 1,40,000 வரை 40,000, 1,70,000 வரை 60,000. அதற்கு மேல் ஓடினால் 1,50,000-க்குக் கீழே இறங்கக் கூடாது என்ற ஒரே கட்டுப்பாடு. வார இறுதியில் அலுவலகமும் ஆலையும் மூடி மின்தேவை சரிவதால் ஓட்டமும் சரியும். குஞ்சுகள் அதிகம் சிக்கக்கூடிய நேரம் அது. ஆகவே சில சனி, ஞாயிறுகளுக்கு மட்டும் அந்த வாரத்துத் திங்கள் முதல் வியாழன் வரையிலான குறைந்தபட்ச ஓட்டங்களின் சராசரிக்குக் கீழே போகக் கூடாது என்று தனி விதி வைத்திருக்கிறார்கள்.