பிள்ளையாருக்கு முள்ளங்கி: ஜப்பான் நாட்குறிப்பு

17 நவம்பர் 2024, ஞாயிறு. டோக்கியோ

அசாகுசாவில் தேர்த்திருவிழாக் கூட்டம். சென்சோஜி கோயிலின் காமினாரிமோன் வாசலில் தொங்கும் சிவப்புக் காகித விளக்கு 3.9 மீட்டர் உயரம், 700 கிலோ. 1865இல் எரிந்துபோன இந்த வாசல் 1960இல்தான் மறுபடி எழுந்திருக்கிறது. உடம்பு சரியாக வேண்டிக்கொண்ட மாட்சுஷிதா கோனோசுகே, அதாவது பானாசோனிக் நிறுவனர், நேர்த்திக்கடனாகக் கட்டிக்கொடுத்தது. விளக்கின் அடிப்பட்டையில் கம்பெனி பெயர் பளபளக்கிறது. "நம்மூர்ல ட்யூப்லைட்டுல உபயம்னு எழுதி வெளிச்சத்தையே மறைப்பாங்களே, அதே கதைதான்டீ" என்றாள் ரூம்மேட். (கல்லூரி விடுதியில் ரூம்மேட், தன் பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.)

மூலவர் கண்ணோன், கருணையின் போதிசத்துவர். 628இல் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த அண்ணன் தம்பி வலையில் வந்தது என்பது தலபுராணம். அந்தச் சிலையை யாருக்கும் காட்டுவதில்லை.

ரூம்மேட் சீட்டு எடுத்தாள். 100 யென் போட்டு உலோகக் குழாயைக் குலுக்கினால் ஓட்டை வழியாக ஒரு குச்சி எட்டிப்பார்க்கும். அதிலுள்ள எண்ணுக்கான இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். கெட்ட பலன். இந்தக் கோயிலில் பத்துக்கு மூன்று சீட்டு அப்படித்தானாம். அங்கேயே கம்பியில் கட்டிவிட்டு வந்தால் தோஷம் போச்சு. கட்டினாள், இன்னொரு 100 யென் போட்டாள். அதுவும் கெட்டது.

"மூணாவது எடுக்கட்டுமா?"

"எடு, கோயிலுக்கு வருமானம்."

18 நவம்பர், திங்கள். டோக்கியோ

காலையில் அதே அசாகுசாவில், ஆற்றோரமாக மாட்சுசியாமா ஷோதென். நான் கேட்டு வாங்கிய இடம். சின்ன மேடுதான், ஆனால் ஏற முடியாதவர்களுக்காக ஒரு குட்டி ரயில் பெட்டி வைத்திருக்கிறார்கள், இலவசம். ஏற முடிந்த நாங்களும் அதில்தான் போனோம்.

இங்கே இருப்பவர் காங்கிதென், நம் விநாயகரேதான். யானைமுகத்தோடு இருவர் தழுவி நிற்கும் கோலம் என்கிறார்கள். இவரையும் வெளியே காட்டுவதில்லை. தேங்காய் இல்லை, கொழுக்கட்டை இல்லை. வெள்ளை முள்ளங்கி! கோயிலிலேயே விற்கிறார்கள், முழங்கை நீளத்துக்கு. வாங்கிக்கொண்டுபோய் சந்நிதி முன்னால் வைக்கிறார்கள். படிக்கட்டு, விளக்கு எங்கே பார்த்தாலும் பின்னிக்கொண்ட இரட்டை முள்ளங்கியும் சுருக்குப்பையும் செதுக்கியிருக்கிறது. முள்ளங்கி உடல்நலத்துக்கும் குடும்ப ஒற்றுமைக்கும், சுருக்குப்பை வியாபாரத்துக்கும்.

படைத்தவற்றைப் பக்தர்கள் எடுத்துப்போகலாம். ஒன்று எடுத்துக்கொண்டோம். ராத்திரி ஹோட்டலில் அதைக் காகிதத் தட்டில் நறுக்கி, அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயோடு தின்றோம். அறைக்குள் அடித்த வாசனையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

19 நவம்பர், செவ்வாய். ரயில், கியோட்டோ

நொசோமி புல்லட் ரயில், இரண்டேகால் மணி நேரம். ஃபூஜி தெரியும் என்று வலப்பக்க ஜன்னல் பார்த்துப் பதிவு செய்ததற்கு மேகம் பார்த்தோம்.

சாப்பாட்டு நிலவரம்: சைவர்களுக்கு இந்த ஊரில் எதிரி இறைச்சி இல்லை, தாஷி. காய்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுக்கும் சாறு. உடோன் நூடுல்ஸ், மிசோ சூப், வேகவைத்த காய், எல்லாவற்றிலும் அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. "மீன் இல்லை" என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். அவர் கணக்கில் துண்டு போட்டால்தான் மீன். நான் கன்வீனியன்ஸ் ஸ்டோர் சோற்று உருண்டையில் காலம் தள்ளுகிறேன், உள்ளே ஊமேபோஷி என்ற புளிப்பு ஊறுகாய் வைத்தது. ரூம்மேட் எதிரே உட்கார்ந்து ராமென் நூடுல்ஸ் உறிஞ்சுகிறாள், கூச்சமே இல்லாமல், சத்தத்தோடு.

20 நவம்பர், புதன். கியோட்டோ

சஞ்சூசன்கென்டோவில் நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டேன். 120 மீட்டர் நீள மர மண்டபம். நடுவில் பெரிய கண்ணோன், இருபுறமும் ஆளுயரத்தில் ஐந்நூறு ஐந்நூறாக, மொத்தம் 1001. எல்லாம் தங்க இலை ஒட்டியவை. 1249 தீவிபத்தில் 124 சிலைகளைத்தான் காப்பாற்ற முடிந்திருக்கிறது. மற்றவற்றைத் திரும்பச் செதுக்கி 1266இல் மண்டபத்தையும் எழுப்பினார்கள். நடுவிலிருப்பதை முடித்தபோது சிற்பி தாங்கேயிக்கு வயது 82. வீட்டில் 82 வயதுக்காரரிடம் நாம் டிவி ரிமோட்டைக்கூடக் கொடுப்பதில்லை.

உள்ளே படம் எடுக்கக்கூடாது, அதனால் எழுதிவைக்கிறேன். முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள். கருடன் அலகும் சிறகுமாக நின்று புல்லாங்குழல் வாசிக்கிறான். பெருமாள் கையிலிருந்து எப்போது வாங்கினானோ தெரியவில்லை! அவனைவிட என்னை நிறுத்தியது வசு முனிவர். வற்றிப்போன கிழவர், தடி ஊன்றியிருக்கிறார், கழுத்து நரம்பும் விலா எலும்பும் தனித்தனியாகத் தெரிகின்றன, வாய் பாதி திறந்திருக்கிறது. கண்ணில் படிகம் பதித்திருப்பதால் நாம் நகர்ந்தால் பார்வையும் நகர்கிறது. இந்திரன், பிரம்மா எல்லோரும் இருக்கிறார்கள்.

"பார்த்தியா, எல்லாம் நம்மகிட்டேருந்து போனது" என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. போனது நிஜம்தான், ஆனால் நடு ஆசியா, சீனா, கொரியா என்று பல நூற்றாண்டு நடந்து, உடுப்பும் முகமும் வேலையும் மாறித்தான் இங்கே வந்து சேர்ந்தார்கள். அந்தக் கிழவரைச் செதுக்கியவன் நம் ஊரைப் பார்த்ததே இல்லை. தன் தெருவில் நடந்த ஏதோ ஒரு கிழவரைப் பார்த்திருக்கிறான். இதில் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?

ரூம்மேட்டுக்குப் பிடித்தது வெளித் திண்ணை. அந்தக் காலத்தில் அந்த நீளத்துக்கு அம்பு விடும் போட்டி நடத்துவார்கள். 1686இல் வாசா தாய்ஹாசிரோ என்பவர் ஒரு நாள் முழுக்க 13,053 அம்பு விட்டு 8,133 இலக்கில் சேர்த்திருக்கிறார். "தோள்பட்டை என்ன ஆயிருக்கும்?" அவள் பிசியோதெரபிஸ்ட், கவலை அதைப் பற்றி.

21 நவம்பர், வியாழன். கியோட்டோ

விடியுமுன் ஃபுஷிமி இனாரி கோயில். கூட்டமில்லாமல் சிவப்பு வளைவுகளுக்குள் நடக்க அதுதான் நேரம். ஏறும்போது அழகு, இறங்கும்போது ஒவ்வொரு தூணிலும் கொடுத்தவர் பெயரும் தேதியும் கறுப்பு எழுத்தில். இங்கேயும் உபயம்.

பிறகு தோஜி. குகாய் துறவி 21ஆம் தேதி மறைந்தார் என்று மாதாமாதம் அந்தத் தேதியில் கோயில் வளாகத்தில் சந்தை கூடும். நாங்கள் வந்த நாள் வாகாக அமைந்தது. பழைய கிமோனோ, பீங்கான், ஊறுகாய், துருப்பிடித்த சாவி, எதற்கும் ஆள் இருக்கிறது. 1644இல் கட்டிய ஐந்தடுக்குக் கோபுரம், கிட்டத்தட்ட 55 மீட்டர், சந்தைக்குப் பின்னால் நிற்கிறது. விரிவுரை மண்டபத்தில் பிரம்மா நான்கு வாத்துகள் மேல், இந்திரன் யானை மேல். ரூம்மேட் அங்கே வரவில்லை. கனமான ஒரு கிமோனோவுக்கு பேரம் பேசிக்கொண்டிருந்தாள், கால்குலேட்டரை நீட்டி நீட்டி.

மேப்பிள் இலைகள் இன்னும் முழுசாகச் சிவக்கவில்லை.

22 நவம்பர், வெள்ளி. நாரா

மான்கள் குனிந்து வணக்கம் போடும், பிஸ்கட் கொடுக்கும்வரை. தீர்ந்ததும் சட்டையைக் கடிக்கும். ரூம்மேட்டின் வரைபடத்தில் பாதி ஒரு மானின் வயிற்றில்.

தோதாய்ஜியில் வெண்கலப் புத்தர், சுமார் 15 மீட்டர். மண்டபம் 1709இல் கட்டியது; பழையது இதைவிட அகலமாம், நம்பக் கஷ்டமாக இருக்கிறது. 752இல் இந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர், இந்தியாவிலிருந்து சீனா வழியாக 736இல் இங்கே வந்த துறவி. நம் ஸ்தபதி உளி பிடிப்பார், இவர் தூரிகை பிடித்தார். அந்தத் தூரிகையில் நீள நீளமாக நூல் கட்டி, கீழே கூடியிருந்தவர்கள் நுனியைப் பிடித்துக்கொண்டார்களாம், எல்லோரும் சேர்ந்து கண் எழுதிய கணக்கு. தூரிகையும் நீல நூலும் பக்கத்திலுள்ள சொஸோயின் கருவூலத்தில் இன்னமும் பத்திரமாக இருக்கின்றன. கருவூலப் பொருள்களை இலையுதிர் காலத்தில் சில நாள் மட்டும் காட்சிக்கு வைப்பார்கள். இந்த வருடக் காட்சி ஏற்கெனவே முடிந்துவிட்டது. வயிற்றெரிச்சல்.

23 நவம்பர், சனி. கோயாசான்

ஒசாகாவின் நம்பாவிலிருந்து மலை ரயில், அப்புறம் செங்குத்தாக ஏறும் கேபிள் கார். குகாய் 816இல் தொடங்கிய இடம். இங்கே கோயில்களிலேயே தங்கலாம். தரையில் மெத்தை, காகிதக் கதவு, எலும்பைத் துளைக்கும் குளிர்.

ராத்திரிச் சாப்பாடு! எள்ளில் செய்த தோஃபு, இந்த மலையின் பெயர் கொண்ட உலர்த்திய தோஃபு, காளானும் கடற்பாசியும் போட்டு எடுத்த சாறு. மீன் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. வந்ததிலிருந்து முதல்முறையாக விசாரணை நடத்தாமல் சாப்பிட்டேன். ரூம்மேட் தன் தட்டைப் பார்த்து, "முட்டையாவது வச்சிருக்கலாம்ல" என்றாள்.

மாலையில் ஒகுனோயின் இடுகாடு. இரண்டு கிலோமீட்டர், ஜப்பானியத் தேவதாரு மரங்கள், 2 லட்சத்துக்கு மேல் கல்லறைகள். 16ஆம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் நோபுநாகாவுக்கும் அவரைக் கவிழ்த்த மிட்சுஹிதேவுக்கும் இங்கே நினைவுக்கல் உண்டு. ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்காக ராக்கெட் வடிவில் வைத்திருக்கிறது. பூச்சி ஒழிப்பவர்கள் சேர்ந்து கரையானுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள், 'நிம்மதியாக உறங்குங்கள்' என்று. கடைசியில் குகாய் இன்னும் தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை, தினம் இரண்டு வேளை சாப்பாடு போகிறது.

24 நவம்பர், ஞாயிறு. கோயாசான், ஒசாகா

காலையில் தீ வேள்வி. பிக்கு சின்ன மரக்குச்சிகளைச் சதுரமாக, கிணற்றுச் சுவர் போல அடுக்கினார். நீளமான கரண்டியால் எண்ணெய், பிறகு தானியம். பக்கத்தில் இன்னொருவர் பெரிய முரசை அடிக்க அடிக்கத் தீ உத்தரத்தைத் தொட எழுந்தது. வேண்டுதல் எழுதிய குச்சிகள் கடைசியில் உள்ளே போயின. ரூம்மேட் கண்கொட்டாமல் பார்த்தாள். முட்டைப் பேச்சு எழவில்லை.

அந்தத் தீக்குரிய தெய்வமான ஃபுடோவையே சாயங்காலம் ஒசாகாவில், நம்பா சந்துக்குள் ஹோசென்ஜி கோயிலில் பார்த்தோம். இங்கே அவருக்குத் தண்ணீர். வருகிறவர்களெல்லாம் அகப்பையில் அள்ளி ஊற்றி ஊற்றி, உச்சி முதல் பாதம்வரை பாசி. முகம் எதுவென்றே தெரியவில்லை. எனக்கு முன்னால் சமையல்காரர் உடுப்போடு ஒருவர் வந்து, ஊற்றி, கும்பிட்டு, கடைக்கு ஓடினார்.

ரூம்மேட் தகோயாகி, அதாவது ஆக்டோபஸ் வைத்த மாவு உருண்டை, வாங்கி வாயைச் சுட்டுக்கொண்டாள். நாளை காலை விமானம். பெட்டி 23 கிலோவைத் தாண்டுகிறது. அவள் கிமோனோவா, நான் வாங்கிய இரண்டு பீங்கான் கிண்ணமா, எதை என் தோள்பையில் திணிப்பது என்று பேச்சுவார்த்தை நடக்கிறது.