செய்கை எங்கே?

உயர்தர வகுப்பில் எமக்குப் பிரயோக கணிதம் கற்பித்த ஆசிரியர், செய்கை காட்டாமல் விடையை மட்டும் எழுதியிருந்தால், அது சரியான விடையாக இருந்தாலும் சிவப்பு மையால் வட்டமிட்டு, "செய்கை எங்கே?" என்று ஓரத்தில் எழுதிக் கொப்பியைத் திருப்பித் தருவார். எச்.ஐ.வி. தடுப்பு மருந்துப் பரிசோதனைகளில் புள்ளிவிபரவியலாளராக நான் பணியாற்றிய காலமெல்லாம் அந்தச் சிவப்பு வட்டம் என் கண்முன் நின்றது.

தென்னாபிரிக்கா, உகண்டா, சிம்பாப்வே ஆகிய நாடுகளில் 5,029 பெண்கள் பங்குபற்றிய 'வொய்ஸ்' ஆய்வை நான் மறக்கமாட்டேன். எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் டெனோஃபோவிர் என்ற மருந்து சேர்ந்த இரண்டு வகை மாத்திரைகளும், அதே மருந்தைக் கொண்ட ஜெல்லும், மருந்தே இல்லாத போலிகளும் அவர்களுக்கு எழுமாறாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. பெண்கள் மாதந்தோறும் நிலையத்துக்கு வந்து மீந்தவற்றை ஒப்படைத்தார்கள். அவற்றை எண்ணிப் பார்த்தாலும், அவர்களிடமே கேட்டாலும், ஏறத்தாழ 10 இல் 9 பங்கு பாவிக்கப்பட்டதாகவே பதிவாகியது. ஆனால் 2013 இல் முடிவு வெளியானபோது, அந்த இரண்டு மாத்திரைகள், ஜெல் ஆகியவற்றுள் எதுவுமே தொற்றைக் குறைத்திருக்கவில்லை. சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றிலேயே மருந்து காணப்பட்டது. அந்த அட்டவணையில் வரிக்கு வரி மருந்தின் அளவு பூச்சியம் என்றே இருந்தது.

அப்பெண்கள் பொய் சொன்னார்கள் என்று எழுத எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. நோயாளிகள் விழுங்கும் மாத்திரையைத் தம் வீட்டில் கண்டால் கணவரும் அயலவரும் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சியதாகப் பின்னர் பலர் மனந்திறந்து கூறினார்கள். ஊர்வாய்க்கு அஞ்சி வாழ்வது எத்தகையது என்பதை எங்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அவர்கள் ஒளித்து வைக்கத் தேவையில்லாத மருந்தைத் தேட வேண்டியது எங்கள் கடமையாக இருந்தது.

கபோடெக்ராவிர் அத்தகையது, 8 வாரங்களுக்கு ஒரு தடவை போடும் ஊசி. ஆபிரிக்காவின் 7 நாடுகளில் 3,224 பெண்களிடம் அதை நாளாந்த மாத்திரையுடன் ஒப்பிட்டபோது, ஒவ்வொருவருக்கும் ஊசி, மாத்திரை இரண்டுமே கொடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றே மெய்யான மருந்து, எது என்பது அவருக்கும் தெரியாது, தாதிக்கும் தெரியாது. ஊசி போட்ட திகதியைத் தாதியே தன் கையால் பதிந்தார். 2020 நவம்பரில், திட்டமிட்ட காலத்துக்கு முன்னரே முடிவு அறிவிக்கப்பட்டது. பிரசுரமான கணக்கின்படி, மாத்திரைப் பிரிவில் 36 பேருக்கும் ஊசிப் பிரிவில் 4 பேருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது.

குழுவில் இருந்தோர் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டிருந்தபோது, அந்த நால்வருக்கும் ஊசி போட்ட திகதிகளைத்தான் நான் முதலில் கேட்டு வாங்கினேன்.