ஆறரை மணிக்கு முன் வரும் பத்திரிகை

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, வீடு வீடாகப் பத்திரிகை போடுவது. தெருமுனையில் இறக்கி வைக்கப்பட்டிருக்கும் கட்டுகளை அதிகாலை நான்கரை மணிக்குப் பிரித்து, தள்ளுவண்டியில் அடுக்கி, ஆறரை மணிக்குள் கடைசி வீட்டின் தபால்பெட்டியிலும் போட்டு முடித்துவிட வேண்டும். எவ்வளவு பனி கொட்டினாலும் அந்த ஆறரை மாறாது. ஜெர்மன் மொழியில் ஒரு வாக்கியத்தை முழுதாக வாசிக்க இயலாத காலத்திலேயே, எந்த வீட்டுக்கு எந்தப் பத்திரிகை என்பது எனக்கு மனப்பாடமாகியிருந்தது.

என் தெருக்களில் அதிகம் போனது ‘லண்ட்போட்டே’. 1836இல் தொடங்கப்பட்ட, அந்த நகரத்தின் சொந்தப் பத்திரிகை அது. அடுத்தபடியாக, 1893 முதல் சூரிச்சிலிருந்து வெளிவரும் ‘டாகஸ் அன்சைகர்’. மேட்டுத்தெருவின் பெரிய வீடுகள் சிலவற்றுக்கு, 1780இல் பிறந்த ‘நொயே சூர்ஷர் சைட்டுங்’. யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ வாசித்து வளர்ந்த நான், நாடு முழுவதும் வாசிக்கும் பெரிய பத்திரிகை இங்கே எது என்று கேட்டபோது, என்னோடு வேலை செய்த முதியவர், பிரெஞ்சு பேசும் மேற்குப் பகுதியில் ‘லு தெம்’ வாசிப்பார்கள், தெற்கே இத்தாலிய மொழியில் ‘கொரியேரே தெல் திச்சினோ’ வாசிப்பார்கள், மலைப்பகுதியில் சில பத்தாயிரம் பேர் மட்டுமே பேசும் ரொமான்ஷ் மொழிக்கும் ஒரு நாளிதழ் உண்டு என்று நிதானமாகச் சொன்னார். கன்டோன் எனப்படும் இருபத்தாறு மாநிலங்களும் தத்தமக்கென அரசும் பாடசாலைச் சட்டமும் வரிவீதமும் வைத்திருப்பதால், தன் கன்டோனைப் பற்றி எழுதாத பத்திரிகையால் ஒரு வீட்டுக்குப் பயன் குறைவு என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

மொழி படிக்கவும் பத்திரிகையே துணை நின்றது. வகுப்பில் சொல்லித் தந்த ஜெர்மனைத் தெருவில் எவரும் பேசவில்லை. பேக்கரியிலும் பேருந்திலும் சுவிஸ் ஜெர்மனே காதில் விழுந்தது. எழுத்துத் தமிழும் வீட்டுத் தமிழும் விலகி நிற்பதைப் பிறந்ததிலிருந்தே அறிந்த நமக்கு இது புதிதல்ல என்றாலும், இரண்டையும் ஒரே நேரத்தில் கற்பது கடினமாகவே இருந்தது. வகுப்பில் படித்த மொழி அப்படியே உயிரோடு இருந்த இடம் பத்திரிகைத் தாள்தான். 1999இல் சூரிச்சில் தொடங்கிய இலவச நாளிதழான ‘20 மினூட்டன்’, அப்போது ரயில் நிலையங்களின் நீலப் பெட்டிகளில் கிடைத்தது. அதன் குட்டிச் செய்திகளை இரண்டு நிலையங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் வாசித்து, தெரியாத சொற்களை ஓரத்திலேயே குறித்து வைத்தேன்.

ஆனால் எனக்கு முன்பே, 1980களின் நடுப்பகுதியில் இங்கு வந்த என் சித்தப்பா பத்திரிகையை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். அந்த ஆண்டுகளில் இங்கு அடைக்கலம் கேட்டு வந்த எம் இளைஞர்களைத் ‘தோல் ஜாக்கெட் தமிழர்கள்’ என்று பெயரிட்டு, போதைப்பொருள் விற்பவர்களாகச் சித்திரித்த செய்திகள் வந்தன. குளிருக்கு, கிடைத்த ஜாக்கெட்டைப் போட்டவர்கள் அவர்கள். பின்னாளில் தமிழர்களின் உழைப்பைப் புகழும் கட்டுரைகள் வந்தபோது, சித்தப்பா அவற்றையும் வாசிக்க மறுத்துவிட்டார். அவருடைய கோபம் நியாயமானது என்றே நான் எண்ணுகிறேன்.

எனக்குப் பத்திரிகையின் அருமை புரிந்தது குடியுரிமை பெற்ற பிறகுதான். இங்கே ஆண்டுக்கு நான்கு தடவை வரை மக்கள் வாக்கெடுப்பு நடக்கும். வாக்குச்சீட்டுகள் தடித்த உறையில் வீடு வந்து சேரும். மத்திய அரசின் சட்டம் ஒன்றும், கன்டோனின் கேள்வி ஒன்றும், நகரத்தின் பாடசாலைக் கட்டடத்துக்கான கடன் ஒன்றும் அதே உறையில் இருக்கக்கூடும். மத்திய அரசின் சட்டத்தைப் பற்றித் தொலைக்காட்சி பேசும். பாடசாலைக் கட்டடத்தைப் பற்றி எழுத ‘லண்ட்போட்டே’யை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அதில் வரும் வாசகர் கடிதங்களை நானும் மகளும் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்த பிறகே சீட்டை நிரப்புவோம்.

அதனால்தான் 2022 பெப்ரவரி 13ஆம் தேதி எனக்கு வருத்தமான நாள். பத்திரிகை விநியோகம் உள்ளிட்ட ஊடகச் செலவுகளுக்கு ஆண்டுதோறும் மேலும் 151 மில்லியன் பிராங்க் வரை உதவும் சட்டத்தை அன்று பெரும்பான்மையோர் நிராகரித்தார்கள். அரசின் காசு வாங்கும் பத்திரிகை அரசை எதிர்த்து எழுதுமா என்பது அவர்களின் கேள்வி. கேள்வி சரியானதே. என்றாலும், விளம்பரமும் சந்தாவும் இணையத்துக்கு நகர்ந்துகொண்டிருப்பதை என் தள்ளுவண்டியிலேயே கண்டிருந்த நான், ஆம் என்றே வாக்களித்தேன். முதல் ஆண்டில் வழியில் இரண்டு தடவை வண்டியை நிரப்ப வேண்டியிருந்தது. வேலையை விட்ட ஆண்டில் ஒரு தடவையே போதுமாக இருந்தது. 2025 முடிவோடு ‘20 மினூட்டன்’ அச்சில் வருவதும் நின்றுபோயிற்று.

இப்போது ‘லண்ட்போட்டே’க்கு நான் சந்தாதாரன். எங்கள் தெருவுக்குப் பத்திரிகை போடுபவர் எரித்திரியாவிலிருந்து வந்த இளைஞர். பனி பெய்த காலைகளில், அவருடைய வண்டிச் சத்தம் கேட்பதற்கு முன்பே எழுந்து, தபால்பெட்டி வரைக்குமான பாதையில் பனியை அள்ளி ஒதுக்கி வைக்கிறேன்.