‘கண்டறியப்படவில்லை’ என்று கையெழுத்திடும் முன்

கழிவுநீரில் ஹார்மோன் தேடும் வேலை என்றாலே கருவி என்ன மாடல், என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். முடிவு கெட்டுப்போவதோ பெரும்பாலும் மாதிரி கருவியைத் தொடுவதற்கு முன்பே.

அளவைப் பாருங்கள். கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினில் எஸ்ட்ரடையாலுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015 கண்காணிப்புப் பட்டியல் (நீரில் கவனிக்க வேண்டிய பொருள்களின் பட்டியல்) கேட்ட கண்டறியும் வரம்பு லிட்டருக்கு 0.035 நானோகிராம். ஒரு லிட்டரை அரை மில்லிலிட்டராகச் சுருக்கி 10 மைக்ரோலிட்டர் செலுத்தினால், துளியும் இழக்காதபோதுகூட கருவிக்குள் போவது 0.7 பிகோகிராம்தான். 1 நானோகிராமுக்குக் கீழே எதுவும் தெரியாத முறையில் சோதித்துவிட்டு ‘கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை கொடுப்பது வெறும் காகிதம். கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகள் இந்த மருந்தைக் கலந்தார்கள். நீரில் இருந்தது லிட்டருக்கு 5–6 நானோகிராம். ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீன் அங்கே கிட்டத்தட்ட அற்றே போனது.

மாதிரிக்கு மெத்தனாலில் அலசிய பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்தான். நைலான் வடிகட்டி ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணாடியிழை வடிகட்டி போதும். நுண்ணுயிர்களை நிறுத்த சோடியம் அசைடு போடலாம், அல்லது அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கொண்டுவரலாம். இரண்டையும் சேர்க்கவே கூடாது. ஹைட்ரசோயிக் அமிலம் என்ற நச்சு வாயு கிளம்பும். குளோரின் போட்ட நீர் என்றால் அதை உடனே முறிக்க வேண்டும், வண்டியில் வரும் நேரத்துக்குள் ஹார்மோனைத் தின்றுவிடும். அமிலம் விடும் மாதிரியில் குளோரினை முறிக்க தயோசல்ஃபேட் வேண்டாம், கந்தகம் பிரிந்து நீர் பாலாகிவிடும். அஸ்கார்பிக் அமிலம் போடுங்கள்.

அடுத்தது சுருக்கும் வேலை. நீரிலுள்ள ஹார்மோனைப் பிடித்துவைக்கும் பொருள் நிரப்பிய சிறு குழாயான 200 மில்லிகிராம் எச்.எல்.பி. கார்ட்ரிட்ஜில் 5 மில்லிலிட்டர் மெத்தனால், பிறகு 5 மில்லிலிட்டர் நீர், அதன்பின் நிமிடத்துக்கு 5–10 மில்லிலிட்டர் வேகத்தில் மாதிரி. சுத்திகரிக்காத சாக்கடை நீரில் ஒரு லிட்டருக்கு ஆசைப்பட்டால் பாதியில் அடைத்துக்கொள்ளும். 250 மில்லிலிட்டரோடு நிறுத்துவது நல்லது. கார்பன்-13 உள்ள அகத்தரத்தை (ஒப்பிட்டுப் பார்க்க, அளவு தெரிந்து சேர்க்கும் அதே ஹார்மோனின் கனமான வடிவம்) இந்தப் படிக்கு முன்பே பாட்டிலில் சேர்க்க வேண்டும். கடைசியில் குப்பியில் சேர்த்தால் வழியில் தொலைந்தது கணக்கில் வராது.

சிக்னல் போதாதபோது, ஹார்மோனோடு ஒட்டி அதைக் கருவிக்கு நன்றாகத் தெரியவைக்கும் டான்சைல் குளோரைடு கைகொடுக்கும். ஆனால் மூலக்கூறு கருவிக்குள் உடையும்போது எல்லாரும் அளக்கும் 171 நிறையுள்ள துண்டு டான்சைலிலிருந்தே வருகிறது, ஹார்மோனின் ஸ்டீராய்டுப் பகுதியிலிருந்து அல்ல. ஹார்மோனின் அதே நிறையுள்ள வேறு ஃபீனாலும் அந்தத் துண்டைத் தரும். வெளிவரும் நேரம் அகத்தரத்தோடு அச்சாகப் பொருந்தாத பீக்கை நான் ஏற்பதில்லை.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் ஈஸ்ட்ரோன் என்ற இயற்கை ஹார்மோன் உள்வரும் நீரைவிட அதிகமாக வந்தால் லேபிள் மாறிவிட்டதென்று புதியவர்கள் பதறுவார்கள். அப்படியும் இருக்கலாம்தான். ஆனால் இன்னொரு இயற்கை ஹார்மோனான எஸ்ட்ரடையால் ஈஸ்ட்ரோனாக மாறுகிறது. சிறுநீரில் குளுக்குரோனைடாகவும் சல்ஃபேட்டாகவும் பிணைந்து வந்த ஹார்மோனும் தொட்டியில் அவிழ்கிறது. உள்வரும் நீரில் ஒரு பங்கை நொதியிட்டுத் தனியே அளந்தால் கணக்கு நேராகும். குளுக்குரோனைடை அவிழ்க்கும் பீட்டா-குளுக்குரோனிடேஸை மட்டும் போட்டால் அது சல்ஃபேட்டைத் தொடாது, சல்ஃபேட்டை அவிழ்க்கும் சல்ஃபடேஸும் கலந்த நொதியாகப் பார்த்து வாங்க வேண்டும்.